எச்பி5 பிளஸ் ஃபிலிமும் ஐடி-11 டெவலப்பரும்: செட்டிநாட்டு வெளிச்சத்தில் ஓராண்டு

கடந்த ஓராண்டில் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் 22 ரோல்களைக் காரைக்குடியிலும், சுற்றியுள்ள கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி ஆகிய ஊர்களிலும் எடுத்து, அத்தனையையும், பதிந்த படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான ஐடி-11 டெவலப்பரில் வீட்டிலேயே கழுவி, ஸ்கேன் செய்து முடித்திருக்கிறேன். இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வைத்துத் தாளில் பிரிண்ட் போடும் வசதி என்னிடம் இல்லை. இன்று ஃபிலிமுக்குத் திரும்பியிருக்கும் பலரிடமும் இல்லை. ஆகவே இந்த ஃபிலிமையும் டெவலப்பரையும் நான் எடைபோட்டது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: இங்குள்ள வெயிலிலும் தண்ணீரிலும், ஸ்கேன் செய்வதற்கு ஏற்ற நெகட்டிவை இவை தருமா? தரும் என்பதே என் பதில். ஆனால் பெட்டியில் அச்சிட்டுள்ள வேகத்தையும் (ஃபிலிம் ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்), உள்ளே வரும் விளக்கத் தாளில் அச்சிட்டுள்ள நேரத்தையும் அப்படியே பின்பற்றிய வரையில் எனக்கு அது கைகூடவில்லை. எடுக்கும் முறையிலும் கழுவும் முறையிலும் இரண்டு மாற்றங்களைச் செய்த பிறகே கைகூடியது.

நான் எடுப்பவை பெரும்பாலும் வீடுகள். அதிலும், பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, பங்காளிகள் கூடிப் பேசி முடித்த பிறகு ஒரு நாள் இடிக்கப்படவிருக்கும் வீடுகள். நிலையும் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்வதற்கு முன்பு, அவை நின்ற இடத்திலேயே, அவற்றின் மேல் விழும் வெளிச்சத்தோடு பதிவு செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இரண்டாம் முறை போய் எடுக்கலாம் என்றால் வீடு இருக்காது. இந்த 22 ரோல்களுக்கு முன்னால் எடுத்த மூன்று ரோல்களை வெளியூர் லேப் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பியிருந்தேன். திரும்பி வந்த ஸ்கேன்களில் வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள சுண்ணாம்புச் சுவர் வெற்றுத்தாள் போலவும், அதன் பின்னாலுள்ள பட்டாசாலைக் கூடம் மை கொட்டியது போலவும் இருந்தன. ஸ்கேன் செய்தவர்தான் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். நெகட்டிவை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது. ஒளி பட்ட அளவுக்குக் கறுத்த வெள்ளி படிவதே நெகட்டிவ். சுவர் இருந்த இடத்தில் வெள்ளி கரிபோல அப்பிக் கிடந்தது; பட்டாசாலை இருந்த இடத்தில் ஃபிலிம் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. முதல் குறை கழுவியதில் வந்தது, இரண்டாவது குறை நான் எடுத்ததில் வந்தது.

ஃபிலிமைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபிரட் ஹார்மன் 1879இல் லண்டனுக்குக் கிழக்கேயுள்ள இல்ஃபோர்ட் என்ற ஊரில் தொடங்கிய தொழில் இது. ஊரின் பெயரே சரக்கின் பெயராக நிலைத்துவிட்டது. இன்று இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள மொபர்லியில் ஃபிலிம் தயாராகிறது. எச்பி என்பது ‘ஹைப்பர்சென்சிட்டிவ் பான்குரோமாடிக்’ என்பதன் சுருக்கம். 1930களில் கண்ணாடித் தகடாகத் தொடங்கிய வரிசை அது. எச்பி5 1976இலும், இப்போது நம் கைக்கு வரும் எச்பி5 பிளஸ் 1989இலும் வெளிவந்தன. ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிமை வாங்கிய காலம் முடிந்துவிட்டதால், கறுப்பு வெள்ளை என்றாலே இறக்குமதிச் சரக்கைத்தான் நாம் நம்பியிருக்கிறோம். அவற்றுள் இதை நான் தேர்ந்துகொண்டதற்கு முதன்மையான காரணம், இதன் இயல்பான மென்மை. ஐஎஸ்ஓ 400 வேகத்தில் வரும் இந்த ஃபிலிமின் துகள், அதாவது படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள், பழைய முறைப்படி அமைந்தது. வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காகவோ பாதியாகவோ மாறும் அளவு) கூடிப்போனாலும், கழுவும் நேரத்தில் அரை நிமிடம் பிசகினாலும் படம் கெட்டுவிடுவதில்லை. தட்டைத் துகள் கொண்ட புதிய வகை ஃபிலிம்கள் இதைவிட நுணுக்கமானவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவை நேரத்திலும் வெப்பத்திலும் அதிகத் துல்லியத்தை எதிர்பார்க்கின்றன. சித்திரை மாதத்துக் காரைக்குடியில் அந்தத் துல்லியத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஸ்கேனுக்கான நெகட்டிவ் ஏன் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்பதைச் சற்று விளக்க வேண்டும். தாளில் பிரிண்ட் போட்ட காலத்தில், தாளின் கான்ட்ராஸ்டுக்கு (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு) பொருந்தும்படி நெகட்டிவைக் கழுவினார்கள். நெகட்டிவ் மென்மையாக இருந்தால் படம் சாம்பல் பூத்துப்போகும், அதைச் சரிக்கட்ட வேறு கிரேடு தாள் தேட வேண்டும். ஸ்கேன் செய்பவருக்கு அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் கான்ட்ராஸ்டை அவர் கணினியில் வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏற்றிக்கொள்ள முடியாதவை இரண்டு உண்டு. நிழலில் வெள்ளியே படியாமல் போயிருந்தால் அங்கே எந்த மென்பொருளாலும் எதையும் வரவழைக்க முடியாது. வெளிச்சமான பகுதியில் வெள்ளி மிதமிஞ்சிப் படிந்திருந்தால், ஸ்கேனரின் விளக்கொளி அதை ஊடுருவத் திணறி, வானமும் சுவரும் இரைச்சல் நிறைந்த புள்ளிக்கூட்டமாக வந்து சேரும். ஆகவே நிழலுக்குத் தாராளமாக ஒளி கொடுத்து எடுக்க வேண்டும். கழுவும்போது நேரத்தைக் குறைத்து வெளிச்சப் பகுதி கனத்துப் போகாமல் தடுக்க வேண்டும். கையில் பிடித்துப் பார்த்தால் நெகட்டிவ் மெல்லியதாக, சற்றுச் சோகை பிடித்ததாகவே தோன்ற வேண்டும். பிரிண்ட் போட்டுப் பழகிய மூத்தவர்கள் இதைப் பார்த்தால் ‘கழுவினது பத்தவில்லை’ என்பார்கள். தாளை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியே.

செட்டிநாட்டு வீட்டுக்குள் இது வெறும் கொள்கையாக இருப்பதில்லை. முகப்பைத் தாண்டி உள்ளே போனதும் நடுவில் வானம் திறந்த வளவு, சுற்றிலும் தூண்கள், அதற்கப்பால் இரட்டை அறைகளின் கதவுகள். உச்சியை நெருங்கும் வெயில் வளவின் தரையிலும், முட்டையின் வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சிலும் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும் அதே நேரத்தில், பத்தடி தள்ளி நிற்கும் பர்மா தேக்கு நிலையில் என்ன செதுக்கியிருக்கிறது என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில், காலை பத்து மணிக்கு, ஒளியை அளக்கும் மீட்டரை 200இல் வைத்து அளந்தேன். கஜலட்சுமி செதுக்கிய நிலையின் மேற்கட்டைக்கு லென்ஸ் திறப்பு எஃப்/5.6, நேரம் 1/15 வினாடி என்று காட்டியது. வெயில் பட்ட சுவருக்கு எஃப்/16, 1/250 என்று காட்டியது. இரண்டுக்கும் இடையே ஏழு ஸ்டாப் தூரம்.

மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். தேக்கு மரமோ கருமையானது. கருமையாகவே, ஆனால் செதுக்கல் தெரியும்படி வர வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரையுள்ள சாயல்களைப் படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறைப்படி, அப்படிப்பட்ட நிழலை மீட்டர் சொல்வதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து மூன்றாம் ஸோனில் வைக்க வேண்டும். அதாவது எஃப்/5.6 வைத்து 1/60. இந்தக் கணக்கை மூன்று விதமாகச் சோதித்தேன். ஃபிலிமை 400 என்று கொண்டு 1/125இல் ஒன்று, 200 என்று கொண்டு 1/60இல் ஒன்று, 100 என்று கொண்டு 1/30இல் ஒன்று. கேமராவை ஸ்டாண்டிலிருந்து அசைக்காமல் மூன்றையும் எடுத்துவிட்டு, இன்னொரு ரோலை மாற்றி மறுபடியும் அதே மூன்றை எடுத்தேன். ஒரு ரோலை விளக்கத் தாளில் சொல்லியபடி கழுவுவது, மற்றொன்றை நேரம் குறைத்துக் கழுவுவது என்பது ஏற்பாடு.

அந்த வீட்டு ஆச்சி தூணோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் தம்பி, ஒரு நெலைக்கு இம்புட்டு நேரமா? எங்க, காட்டுங்க பாப்போம்” என்றார். இது ஃபிலிம் ஆச்சி, நாளைக்குக் கழுவினால்தான் தெரியும் என்றேன். “அட, கழுவுற படமா! அப்பச் சரி, அது எட்டு நாளு ஆகும்” என்று தலையசைத்தார். அந்தச் சொல்லை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கேனில் கண்டதைச் சொல்கிறேன். 400 என்று எடுத்த படத்தில் கஜலட்சுமியின் இருபுறமும் நிற்கும் யானைகளின் முதுகு தெரிந்தது. தும்பிக்கையும் காலும் பின்னாலுள்ள இருளோடு கலந்துவிட்டன. கணினியில் அந்தப் பகுதியை வெளுக்க வெளுக்கச் சாம்பல் நிறம் கூடியதே தவிர உருவம் வரவில்லை. 200இல் எடுத்ததில் தும்பிக்கையின் மடிப்பும், அதற்குக் கீழே தாமரை இதழ்களுக்கிடையே உளி இறங்கிய கோடுகளும், நிலையின் ஓரத்தில் யாரோ எப்போதோ வைத்த சந்தனப் பொட்டின் காய்ந்த விளிம்பும் தனித்தனியாகத் தெரிந்தன. 100இல் எடுத்ததில் நிழலில் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. சுவர் மட்டும் இன்னும் கனத்தது. நேரம் குறைத்துக் கழுவிய ரோலில் 200இல் எடுத்த படத்தில், சுவரில் பூச்சுக்காரரின் கை போன வளைவும் மழைநீர் வழிந்த தடமும் இருந்தன. விளக்கத் தாளிலுள்ள நேரப்படி கழுவிய ரோலில் அதே படத்தில் சுவர் இருந்தது, அதன் மேல் எதுவும் இல்லை. அன்றிலிருந்து நான் எச்பி5 பிளஸை 200க்குமேல் வைப்பதில்லை. கழுவும் நேரத்தைக் குறைத்தால் நிழலின் வேகமும் சற்றுக் குறையும் என்பதால், இந்த இரண்டு மாற்றங்களையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பயன் பாதிதான்.

இனி ஐடி-11. இது மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்ஃபைட், போராக்ஸ் ஆகியவை சேர்ந்த பழைய சேர்மானம். 1920களில் கோடக் வகுத்த டி-76க்கு இணையானது. இரண்டு தூள் பொட்டலங்களாக வருவதால் கூரியரில் சிந்தும் பயமில்லை. ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் முதல் தூளை முழுவதும் கரைத்த பிறகே இரண்டாவதைச் சேர்த்து, ஒரு லிட்டராக்கிக் கொள்ள வேண்டும். கழுத்துவரை நிரப்பி இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும். பாதி காலியான பாட்டிலில் ஒரு மாதத்துக்குமேல் நம்பக்கூடாது. ஆகவே நான் அதை 150 மி.லி. கொள்ளும் சின்னச் சின்னப் பாட்டில்களாகப் பிரித்து வைத்துவிடுகிறேன். ஒரு பாட்டிலுக்குச் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 300 மி.லி.; ஒரு 35 மி.மீ. ரோலுக்கு டேங்கில் அது போதும். ஒரு முறை பயன்படுத்தியதும் கொட்டிவிடலாம்; ஒரு லிட்டரில் ஆறு ரோல். இப்படி ஒன்றுக்கு ஒன்று கலந்தால், சல்ஃபைட்டின் அடர்த்தி குறைவதால் துகள் சற்றுக் கூர்மையாகத் தெரியும். ஸ்கேன் செய்த படத்துக்கு அந்தக் கூர்மை பொருந்துகிறது என்பது என் கருத்து.

20 டிகிரியில் ஒன்றுக்கு ஒன்று கலந்த ஐடி-11க்கு, 400 வேகத்தில் எடுத்த எச்பி5 பிளஸுக்கு விளக்கத் தாள் சொல்லும் நேரம் 13 நிமிடம். வெயிலும் நிழலும் மோதும் வளவுப் படங்களுக்கு நான் 10 நிமிடம் கொடுக்கிறேன். மேகமூட்டமான நாளில் எடுத்தவை, அல்லது பட்டாசாலைக்குள்ளேயே எடுத்தவை என்றால் 12. முதல் பத்து வினாடியில் நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துவதும், பின்னர் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதையே செய்வதும் இல்ஃபோர்ட் சொல்லும் முறைதான். அதில் நான் எதையும் மாற்றவில்லை. வேகமாகக் குலுக்கினால் வெளிச்சப் பகுதி கனக்கும், கான்ட்ராஸ்ட் ஏறும். நேரத்தைக் குறைத்துச் சேர்த்ததைக் குலுக்கலில் இழந்துவிடக் கூடாது.

ஆனால் 20 டிகிரி என்பது நமக்கு எங்கே கிடைக்கிறது? எங்கள் வீட்டு மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதப் பிற்பகலில் 35 டிகிரியைத் தாண்டும். மார்கழியிலும் தை முதல் பாதியிலும் விடியற்காலையில் மட்டுமே குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்த முடிந்தது. மற்ற மாதங்களில், முந்தைய இரவே மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுகிறேன். காலையில் அது குழாய்த் தண்ணீரைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படியாத வெள்ளியைக் கரைத்துப் படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் என்று நான்கையும் தனித்தனிக் குவளைகளில் எடுத்து ஓர் அகன்ற அலுமினியத் தாம்பாளத்தில் நிறுத்தி, சுற்றிலும் பானைத் தண்ணீரை ஊற்றி, முடிச்சுப் போட்ட பாலிதீன் பையில் ஐஸ் கட்டிகளை மிதக்க விடுகிறேன். கோடையில் 20க்கு இறக்க முயல்வதைக் கைவிட்டு, 24 டிகிரியில் நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு என் 10 நிமிடம் 7 நிமிடமாகச் சுருங்குகிறது. இதற்கும் மேலான வெப்பத்தில் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய்விடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் டெவலப்பர் ஃபிலிம் முழுவதும் சீராகப் பரவாமல், சுவரும் வானமும் திட்டுத்திட்டாக வந்துவிடலாம். நான்கு திரவங்களும் ஒரே வெப்பத்தில் இருப்பதை டெவலப்பரின் வெப்பத்தைப் போலவே கவனிக்க வேண்டும். டெவலப்பரைக் குளிர்வித்துவிட்டு, கடைசியில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவுவது கூடாது.

சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பெயர்போன ஊரில் இருந்தும் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கிறது. அதில் கழுவிக் காயவைத்த முதல் ரோலில் ஒவ்வொரு சொட்டும் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை வளையம். டெவலப்பர் கலப்பதற்கும், இறுதியாக அலசுவதற்கும் மெக்கானிக் கடைகளில் கேனில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியபின் அந்த வளையம் இல்லை. கடைசி அலசலில், தண்ணீர் சொட்டாக நிற்காமல் சீராக வழியச் செய்யும் திரவத்தில் ஓரிரு சொட்டுச் சேர்ப்பதும் உதவுகிறது.

இந்த ஓராண்டில் என்னை மிகவும் வருத்திய தவறு உலர்த்தலில் நேர்ந்தது. பள்ளத்தூரில் எடுத்த ஒரு ரோலைக் கழுவி, நன்றாகக் காற்று வரட்டும் என்று வளவுக் கொடியில் தொங்கவிட்டேன். பங்குனி மாதம், தெருவில் ஒரு லாரி போனது. ஃபிலிமின் மேலுள்ள ஈரமான எமல்ஷன் பூச்சில் செம்மண் தூசி படிந்தால் அது தூசியாக இருப்பதில்லை, ஃபிலிமின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. மறுபடி அலசியும் போகவில்லை. நெகட்டிவில் ஒளியை மறைக்கும் ஒவ்வொரு துகளும் பாசிட்டிவில் வெள்ளைப் புள்ளியாக வந்தது. கருங்கல் தூண்களின் மேல் எள் இறைத்ததுபோல, வெள்ளை எள். ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். கலர் ஃபிலிம் ஸ்கேன் செய்து பழகியவர்கள், தூசியை ஸ்கேனரே நீக்கிவிடுமே என்று கேட்கலாம். அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கும் அந்த வசதி, கலர் ஃபிலிமைப் போலப் படம் சாயத்தால் ஆனவற்றுக்கே பொருந்தும். எச்பி5 பிளஸ் போன்ற ஃபிலிமில் படமே வெள்ளியால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பையும் மறைக்கும். ஆகவே ஸ்கேனருக்குத் தூசியும் படமும் ஒன்றாகவே தெரியும். அந்த வசதியைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்தால் கூர்மையான விளிம்புகள் சிதைந்துபோகும். அதை அணைத்துவிட வேண்டும். இப்போது நான் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் தூசி அடங்கியபின், கதவைச் சாத்தி, அடியில் கிளிப் மாட்டி ஃபிலிமைத் தொங்கவிடுகிறேன். ஓர் இரவு முழுவதும் அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. வீட்டில் உள்ளவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். காய்ந்த எச்பி5 பிளஸ் அதிகம் சுருளாமல் தட்டையாகக் கிடக்கிறது. ஸ்கேன் செய்பவருக்கு இது சிறிய நன்மையல்ல.

ஸ்கேனைப் பொறுத்தவரை முதலில் ஒரு தட்டை ஸ்கேனரில் செய்தேன், பின்னர் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினேன். எதில் செய்தாலும் சில நடைமுறைகள் மாறுவதில்லை. மெல்லிய நெகட்டிவின் சாயல்கள் குறுகிய எல்லைக்குள் அடங்கியிருப்பதால், சாயல் படிகள் குறைவான 8 பிட்டில் சேமித்துவிட்டுக் கான்ட்ராஸ்டை ஏற்றினால் சுவரும் வானமும் படிக்கட்டுப் படிக்கட்டாக உடையும். 16 பிட் கிரேஸ்கேலில்தான் எடுக்க வேண்டும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை, குறிப்பாகக் கூர்மையேற்றுவதை, முழுவதும் அணைத்துவிட வேண்டும். துகளைக் கூர்மையாக்கினால் படம் மணல் தூவியதுபோல ஆகும். கறுப்பின் எல்லையை ஃபிலிமின் வெறும் ஓரத்துக்குச் சற்று உள்ளேயும், வெள்ளையின் எல்லையைச் சுவருக்குச் சற்று வெளியேயும் வைத்து, முதல் ஸ்கேன் சப்பென்று இருக்கும்படியே விட்டுவிட வேண்டும். அழகு செய்வது பிறகு.

தட்டை ஸ்கேனரில் 35 மி.மீ. நெகட்டிவை 2400 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) எடுத்தால் ஏறத்தாழ 3400 × 2270 பிக்செல் கிடைக்கும். திரையில் பார்க்கவும் சிறிய பிரிண்டுக்கும் போதும். நிலையின் செதுக்கலைப் பெரிதாக்கிப் பார்க்கப் போதாது. பெட்டியில் அச்சிட்டிருந்த பெரிய டிபிஐ எண்ணை நம்பி 6400இல் எடுத்துப் பார்த்தேன்; கோப்பு பெருத்தது, விவரம் பெருகவில்லை. 24 மெகாபிக்செல் கேமராவில், கிட்டத்திலிருந்து உண்மை அளவில் எடுக்கும் 1:1 மேக்ரோ லென்ஸ் மாட்டி, எஃப்/8இல், எல்இடி பலகையின் மேல் நெகட்டிவை வைத்து எடுத்தபோது அகலத்தில் 6000 பிக்செல் கிடைத்தது. அது 4200 டிபிஐக்குச் சமம். தும்பிக்கையின் மடிப்பைப் பற்றி மேலே சொன்னது இந்த முறையில் கண்டதுதான். நெகட்டிவைச் சுற்றியுள்ள பலகையின் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும். இல்லையென்றால் ஒளி லென்ஸுக்குள் சிதறி, அரும்பாடுபட்டுச் சேர்த்த நிழல்கள் வெளிறிவிடும். கேமராவும் பலகையும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுவில் விழும்வரை சரிசெய்கிறேன்.

வீட்டின் உள்கட்டுகளில், ஸ்டாண்டு வைத்து நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்க நேரும்போது இன்னொரு கணக்கும் வருகிறது. ஒரு வினாடிக்கு மேற்பட்ட நேரங்களில் ஃபிலிமின் உணர்திறன் குறையும். எச்பி5 பிளஸுக்கு, மீட்டர் காட்டும் வினாடியை 1.31 அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்று இல்ஃபோர்ட் சொல்கிறது. 4 வினாடி 6 ஆகும், 10 வினாடி 20 ஆகும். இரண்டாம் கட்டின் இருட்டில் இதைக் கடைப்பிடித்து எடுத்த எல்லாப் படங்களிலும் நிழல் நிறைந்தே வந்திருக்கிறது. ஆத்தங்குடித் தரையோடுகளை எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி: ஓட்டின் சிவப்பும் பச்சையும் இந்த ஃபிலிமில் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிப் பூவேலை மறைந்துவிடும். பச்சை ஃபில்டர் போட்டு இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்தால் சிவப்பு கறுத்துப் பிரிகிறது.

இந்த ஃபிலிமை 1600 வரை ஏற்றி எடுக்கலாம் என்பது அதன் புகழ்களில் ஒன்று. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் திருவிழாவின்போது இரவில் அப்படி ஒரு ரோல் எடுத்து, நீர் சேர்க்காத ஐடி-11இல் 14 நிமிடம் கழுவினேன். விளக்குகளும் முகங்களும் துணிச்சலான கறுப்பு வெள்ளையில் வந்தன. அதற்குமேல் ஸ்கேனில் செய்வதற்கு ஒன்றுமில்லை. நிழல் அங்கே இல்லவே இல்லை. அந்தத் தோற்றத்தை விரும்புபவர்கள் எடுக்கலாம். பதிவு செய்வதற்கு அது உதவாது.

பயன்படுத்திய ஃபிக்ஸரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு ரோலிலும் படியாமல் போன வெள்ளி அத்தனையும் அந்தத் திரவத்தில் கரைந்திருக்கிறது. மழைநீர் ஒவ்வொரு சொட்டும் ஊரணிக்குப் போய்ச் சேரும்படி வாரி வெட்டி வைத்த ஊர்கள் நம்முடையவை. அந்த வாரியில் இதைக் கொட்டக் கூடாது. நான் மூடிபோட்ட கேனில் சேர்த்து வைத்து, எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

கடைசியாக வாங்கிய 36 படச் சுருளுக்கு, அனுப்பும் கூலியோடு, ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்தேன். இது எளிய தொகையல்ல. ஸ்டாண்டு வைத்துப் பொறுமையாகக் கட்டடங்களை மட்டுமே எடுப்பவர்கள், இதே நிறுவனத்தின் 125 வேகமுள்ள எஃப்பி4 பிளஸையும் எண்ணிப் பார்க்கலாம். அதன் துகள் இன்னும் நுண்மையானது. ஒரே ரோலில் வளவின் வெயிலையும், இரண்டாம் கட்டின் இருட்டையும், திண்ணையில் உட்கார்ந்து பேசும் மனிதர்களையும் எடுக்க வேண்டியிருப்பவர்களுக்கு எச்பி5 பிளஸைத்தான் சொல்வேன். 35 மி.மீ.யைவிட அகலமான 120 ரோல் போடும் பழைய கேமரா வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது: 6 × 6 செ.மீ. நெகட்டிவ் தட்டை ஸ்கேனரில் 2400 டிபிஐயிலேயே பக்கத்துக்கு 5000 பிக்செலுக்குமேல் தருவதால், கேமராவில் ஸ்கேன் செய்யும் ஏற்பாடே தேவைப்படாது. வாங்குவதைத் தை மாதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கோடையில் கூரியர் வண்டியின் தகரக்கூரைக்குக் கீழே இரண்டு நாள் வெந்து வரும் ஃபிலிமை நான் வாங்க மாட்டேன். வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தால், ஒரு மணி நேரம் வெளியே இருந்து அதன் குளிர் தணிந்த பிறகே டப்பாவைத் திறங்கள். என்னுடைய ஃப்ரிட்ஜில் இப்போது ஐந்து ரோல் இருக்கின்றன. பள்ளத்தூரில் இரண்டு வீடுகளும் கானாடுகாத்தானில் அந்த ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டும் பாக்கி.